தோற்கடித்தவர்களும் அழுத நாள்

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)



பெருந்தலைவர் காமராஜரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நம்ம மலர்க் குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். மறுபடியுமா என்று கேட்டார்கள். அந்தச் சிரிப்பிலும் நியாயம் இருக்கிறது. அவர் பிறந்த ஜூலை 15-ஐ, 2006-ம் ஆண்டிலிருந்து கல்வி வளர்ச்சி நாள் என்று பள்ளிக்கூடங்களில் கொண்டாடுகிறார்கள். ஏழைப் பங்காளர், கர்மவீரர், படிக்காத மேதை என்று பேசிப் பேசியே நாமெல்லாம் வளர்ந்திருக்கிறோம். நானும் ஏழாம் வகுப்பில் அதே பேச்சைப் பேசி ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவன்தான்! ஆகவே பிறந்த நாளை இந்தத் தடவை விட்டுவிடுவோம். அவர் இறந்த நாளையும், மறுநாள் அவரை வழியனுப்பிய விதத்தையும் சொல்கிறேன். அதை எந்தப் பேச்சுப் போட்டியிலும் நான் கேட்டதில்லை.

1975 அக்டோபர் 2, வியாழக்கிழமை, காந்தி ஜெயந்தி. சென்னை தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் ஒரு வாடகை வீடு. அங்கே 72 வயது மனிதர், கல்யாணமே செய்துகொள்ளாதவர், மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். எழுந்தபோது உடம்பெல்லாம் வியர்த்தது. உதவியாளரைக் கூப்பிட்டு டாக்டருக்கு போன் பண்ணச் சொன்னார். போகும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போகச் சொன்னாராம். டாக்டர் வந்து பார்த்தபோது உயிர் பிரிந்திருந்தது. மாரடைப்பு.

அந்த விளக்கை வைத்துக் கவிதை எழுதாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. எனக்கென்னவோ அதில், ஆளில்லாத ரூமில் லைட் எரியக்கூடாது என்று சத்தம் போடுகிற நம்ம வீட்டுப் பெரியவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

யார் இறந்தது என்பது தெரிந்தால்தான் அந்தச் சாவின் கனம் புரியும். தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1903-ல் விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில், குமாரசாமி, சிவகாமி அம்மாள் தம்பதிக்கு மகனாகப் பிறந்தார். நாகம்மாள் என்று ஒரு தங்கை. சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குப் போனார். துணி அளக்கிற பையன் பேப்பர் படிப்பான், கூட்டம் கேட்கப் போவான். 1919-ல் ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி வந்தபோது அவருக்கு வயது 15. அதற்குப் பிறகு கடையில் மனசு ஒட்டவில்லை. உப்பு சத்தியாக்கிரகத்தில் தொடங்கி ஆறு தடவை சிறை. எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 9 வருஷம்! அந்த வயதில் மற்றவர்கள் கல்யாணம், காட்சி, பிள்ளைகுட்டி என்று இருப்பார்கள். அவர் அலிப்பூரிலும் வேலூரிலும் அமராவதியிலும் கம்பி எண்ணிக்கொண்டிருந்தார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். 1954 ஏப்ரல் 13-ல் முதலமைச்சர்.

முதலமைச்சர் ஆனதும் அமைத்த மந்திரிசபையில் மொத்தம் எட்டே பேர். தலைவர் பதவிக்குத் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவருக்குத் துணை நின்ற பக்தவத்சலத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டத்தை எடுத்துவிட்டார். மூடிய பள்ளிகளைத் திறந்தார். பள்ளிக்கூடமே இல்லாத ஊர்களில் புதிதாகத் திறந்தார். பசியோடு வருகிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று 1956-ல் மதிய உணவு. முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்ததும் அரசு கொடுத்ததும் சேர்த்துத்தான் சமைத்தார்கள். கல்வித் துறையில் இதற்கெல்லாம் தோள் கொடுத்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. ஒரே ஆளுக்கு எல்லாப் பெருமையையும் கொடுப்பது நம் ஊர் வழக்கம். கூட உழைத்தவர்களையும் சொல்லவேண்டும் அல்லவா?

நம்ம டிப்ளமோ ஆட்களுக்கு ஒரு செய்தி. அப்ரெண்டிஸ் அப்ளிகேஷன் போடும்போது நாம் எழுதுகிற பெயர்களைப் பாருங்கள்: பெரம்பூர் ஐ.சி.எஃப்., நெய்வேலி, திருச்சி பெல், ஊரில் எதுவும் கிடைக்காவிட்டால் கிண்டி தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு லேத் பட்டறை. எல்லாம் அந்தக் காலத்தில் விதை போட்டவை. மத்திய அரசின் பணமும், தொழில் மந்திரி ஆர். வெங்கட்ராமனின் ஓட்டமும் இதில் உண்டு. ஐ.சி.எஃப்.-ஐ நேரு திறந்துவைத்தது 1955 அக்டோபர் 2. காமராஜர் இறந்தது சரியாக 20 வருஷம் கழித்து, அதே தேதியில். முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கியதும் ஒரு அக்டோபர் 2-ல்தான், 1963-ல்.

அந்தப் பதவி விலகல்தான் காமராஜர் திட்டம். நாற்காலியில் இருப்பவர்கள் இறங்கிக் கட்சி வேலை பார்க்கட்டும் என்பது அதன் சாரம். ஆறு முதலமைச்சர்களும் ஆறு மத்திய மந்திரிகளும் இறங்கினார்கள். யோசனை சொன்னவரே முதலில் இறங்கியதால் மற்றவர்களால் மறுக்க முடியவில்லை. பிறகு 1964 ஜனவரியில் புவனேசுவர் மாநாட்டில் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். நேரு இறந்தபோது லால் பகதூர் சாஸ்திரி, 1966-ல் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தபோது இந்திரா காந்தி என்று இரண்டு தடவை பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவர் கையில் இருந்தது. இந்தி தெரியாத மனுஷர், வேட்டி சட்டையோடு டெல்லியில் இரண்டு பிரதமர்களை உட்கார வைத்தார். இரண்டு தடவையும் மொரார்ஜி தேசாய்க்கு அந்த நாற்காலி கிடைக்காமல் போனதற்கு அவரே முக்கியக் காரணம்.

இனிமேல்தான் இறங்குமுகம்.

1967 தேர்தல். சொந்த ஊரான விருதுநகரில் நின்றார். எதிரில் பெ. சீனிவாசன், தி.மு.க.வின் மாணவர் தலைவர், வயதில் மிகவும் சின்னவர். 1965-ன் இந்தி எதிர்ப்புப் போராட்டச் சூடு ஆறவில்லை. அரிசிப் பஞ்சம் வேறு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது தி.மு.க. 1,285 ஓட்டில் காமராஜர் தோற்றார்! அகில இந்தியத் தலைவர், பிரதமர்களை உருவாக்கியவர், தான் துணி அளந்த ஊரிலேயே தோற்றார்.

எங்கள் கிராமம் விருதுநகர் பக்கம்தான். தாத்தாவின் அப்பா அந்தத் தேர்தலில் உதயசூரியனுக்குப் போட்டாராம். வீட்டில் அரிசி இல்லை, வேற என்ன செய்யச் சொல்றே என்பாராம், யாராவது கேட்டால். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பட்டினி கிடப்பவன் நன்றியை யோசித்து ஓட்டுப் போடவேண்டும் என்று வயிறு நிறைந்தவன் சொல்வது சுலபம்.

1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். அதே வருஷக் கடைசியில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. ஒரு பக்கம் இந்திரா காந்தி. மறுபக்கம் காமராஜர், நிஜலிங்கப்பா, மொரார்ஜி முதலான மூத்தவர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரைப் பிரதமர் ஆக்கினாரோ அவரையே எதிர்க்கவேண்டியதாயிற்று. யாரை ஒதுக்கினாரோ அவரோடு ஒரே கட்சியில் இருக்கவேண்டியதாயிற்று. 1971-ல் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் சேர்ந்து நின்றபோது, தமிழ்நாட்டில் அவர் கட்சிக்குக் கிடைத்த ஒரே நாடாளுமன்ற இடம் அவருடைய நாகர்கோவில்தான்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. மொரார்ஜி, ஜெயப்பிரகாஷ் நாராயண் எல்லோரும் சிறையில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. காமராஜரைக் கைது செய்யவில்லை. ஆனால் ஒன்பது வருஷம் சிறையிருந்து வாங்கிய சுதந்திரம் இப்படி ஆகிவிட்டதே என்ற வேதனை அவரைத் தின்றது என்று அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து அந்த மதியத் தூக்கம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

செய்தி ரேடியோவில் வந்ததும் சென்னை ஸ்தம்பித்தது. அப்போது முதலமைச்சர் மு. கருணாநிதி. மேடைக்கு மேடை காமராஜரோடு மோதியவர். தி.மு.க. ஆட்சியைக் காமராஜர் போட்டுத் தாக்காத கூட்டமே அந்த நாட்களில் இல்லை. இறந்தவர் அன்றைக்கு வெறும் எம்.பி. அதுவும் எதிர்க்கட்சி எம்.பி. முன்னாள் முதலமைச்சர், முன்னாள் அகில இந்தியத் தலைவர் என்று எல்லாப் பட்டத்துக்கும் முன்னால் ஒரு "முன்னாள்" ஒட்டியிருந்தது. கட்சிக்காரர்கள் மட்டும் கூடி எடுத்துப் போயிருந்தாலும் சட்டப்படி யாரும் கேட்டிருக்க முடியாது. கருணாநிதி அப்படி விடவில்லை. முழு அரசு மரியாதை என்று முடிவானது. உடலை ராஜாஜி மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். 1969-ல் அண்ணாவை வைத்திருந்த அதே மண்டபம். தகனத்துக்குக் கிண்டியில் காந்தி மண்டபத்தை ஒட்டி அரசாங்க இடம் ஒதுக்கப்பட்டது. காந்தி பிறந்த நாளில் போன காந்தித் தொண்டருக்குக் காந்தி மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இடம்.

என் தாத்தா அந்த ராஜாஜி மண்டப வரிசையில் நின்றவர். அப்போது அவருக்கு 23 வயது. கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கினார். ராத்திரி அங்கேயே காய்கறிச் சாக்கு மேல் படுப்பார். மேஸ்திரி கூலியில் பிடித்துக்கொள்வேன் என்று மிரட்டியும், ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடந்தே போனார்களாம். வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லையாம். செருப்பில்லாத காலுக்காரர்கள்தான் அதிகம் என்பார். ரிக்‌ஷாக்காரர்கள், பூ விற்கிற அம்மாக்கள், நம்ம மாதிரி காலேஜ் பையன்கள். கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டியவர்களும் அதே வரிசையில் துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றார்களாம். உள்ளே போய்ப் பார்த்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது, போலீஸ் நகர்த்திக்கொண்டே இருந்தது என்பார். என்ன தாத்தா பார்த்தீங்க என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கையைத்தான் பார்த்தேன் என்பார். முழங்காலைத் தொடும் நீளக் கை என்று ஊரெல்லாம் பேசிய அந்தக் கை.

தாத்தா மதிய உணவுச் சோறு சாப்பிட்ட பிள்ளை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை. ஆட்டுக்குப் பின்னால் போக ஆளில்லை என்று அதோடு நிறுத்திவிட்டார்கள். என் அப்பா அஞ்சாவது, அப்புறம் தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். பள்ளிக்கூடத்தையும் சோற்றையும் அரசாங்கம் ஊருக்கே கொண்டுவந்த பிறகும், எங்கள் வீட்டுக்குள் படிப்பு நுழைய இன்னும் இரண்டு தலைமுறை ஆகியிருக்கிறது. அவர் வந்தார், எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று மேடையில் பேசும்போது எனக்கு இது உறுத்தும். ஆனால் அந்த நாலு வகுப்பு இருந்ததால்தான் தாத்தா கொத்தவால்சாவடியில் மூட்டைக் கணக்கைத் தானே எழுதினார், ஏமாறவில்லை. அந்த நாலு வகுப்பை நம்பித்தான் எனக்கு இந்த காலேஜ் பாரத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டார். அப்பா வேலைக்குப் போகச் சொன்னபோது, மூன்று வருஷம் பொறு, பையன் டிப்ளமோ முடிக்கட்டும் என்று அப்பாவிடம் சண்டை போட்டவரும் அவர்தான்.

சரி, கிண்டிக்கு வருவோம். அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை. ஊர்வலம் கிண்டி வந்து சேர்ந்தது. டெல்லியிலிருந்து பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார். கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். சிதையைச் சுற்றி யார் யார்? அவரால் பிரதமராகி, அவரை விட்டுப் பிரிந்து, அவர் நண்பர்களைச் சிறையில் வைத்திருப்பவர் ஒரு பக்கம். அவர் கட்சியை ஆட்சியிலிருந்து இறக்கியவர்கள் இன்னொரு பக்கம். கூட்டத்தில், அவருக்கு ஓட்டுப் போடாத லட்சக்கணக்கான ஜனங்கள். கடைசிக் காலத்தில் அவரோடு நின்ற மொரார்ஜியும் ஜே.பி.யும் மட்டும் வரமுடியவில்லை. அவர்களுக்குச் சிறைக் கதவு.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு விதமாகத் தோன்றும். ஒரு சமயம் கோபம் வரும். உயிரோடு இருந்தபோது 1,285 ஓட்டுக் கொடுக்க மனசில்லை, செத்த பிறகு இத்தனை மாலையா என்று. இன்னொரு சமயம் அந்த எட்டு பேர் மந்திரிசபை ஞாபகம் வரும். தன்னை எதிர்த்தவரைப் பக்கத்தில் உட்கார வைக்கத் தெரிந்த ஒருவரின் கடைசி ஊர்வலத்தில், எதிர்த்தவர்களெல்லாம் கூட நடந்தது அவருக்கு ஒன்றும் புதிதாக இருந்திருக்காது. தாத்தாவிடம் இதைச் சொன்னேன். அவர் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. எங்கய்யா ஓட்டுப் போடலை, அதான் நான் போனேன் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

பிள்ளை இல்லாதவருக்குக் கொள்ளி வைக்கத் தங்கை வழிப் பேரன் வந்தார். அம்மா சிவகாமி அம்மாள் 1969-லேயே போய்விட்டார். அவர் இருந்திருந்தாலும் மகன் மாதாமாதம் அனுப்பிய குறைந்த பணத்தில் விருதுநகரில் அதே சின்ன வீட்டில்தான் இருந்திருப்பார். அந்த வீட்டுக்குத் தனியாகக் குடிநீர்க் குழாய் போட்டதைக் கேள்விப்பட்டு, முதலமைச்சராக இருந்த மகனே எடுக்கச் சொன்ன கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அம்மாவிடம் அவ்வளவு கறார் வேண்டுமா என்று எங்கள் ஆத்தா இன்றைக்கும் கோபப்படும். அந்தக் கோபமும் நியாயம்தான் என்று எனக்குப் படுகிறது.

எரியூட்டிய பிறகு அவர் வீட்டில் இருந்ததைக் கணக்குப் பார்த்தார்கள். சுமார் 130 ரூபாய், சில வேட்டி சட்டை, இரண்டு ஜோடி செருப்பு, புத்தகங்கள். சொந்தமாக நிலம் இல்லை, வீடு இல்லை. ஒன்பது வருஷம் முதலமைச்சர்! நம்ம ஹாஸ்டலில் ஒருவன் டிரங்குப் பெட்டியில் இருப்பது இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

நாடு பிறகு வேகமாக மாறியது. 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். அதே வருஷம் தமிழ்நாட்டில் அவர் கட்சியில் பெரும் பகுதி, ஜி.கே. மூப்பனார் தலைமையில், இந்திரா காங்கிரசோடு இணைந்தது. அதே 1976-ல் மத்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா கொடுத்தது. உயிரோடு இருந்தபோது எதிர்த்த அரசாங்கம், இறந்த மறுவருஷம் கொடுத்த விருது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. 1977-ல் நெருக்கடி நிலை முடிந்து, அவர் இரண்டு தடவை தடுத்த மொரார்ஜி கடைசியில் பிரதமர் ஆனார்.

கேம்பஸ் இன்டர்வியூ என்றும், அப்ரெண்டிஸ் என்றும் நம்மில் பலர் சென்னைக்குப் போகப் போகிறோம். கிண்டியில் இறங்கினால் சர்தார் பட்டேல் சாலையில் காந்தி மண்டபம். உள்ளே அவர் நினைவிடமும், அவரோடு காலமெல்லாம் மோதிய ராஜாஜியின் நினைவிடமும், அவருக்குப் பிறகு முதலமைச்சரான பக்தவத்சலத்தின் நினைவிடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நேரம் இருந்தால் தியாகராய நகருக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அந்த வாடகை வீட்டைப் பின்னால் அரசாங்கம் எடுத்து நினைவில்லம் ஆக்கிவிட்டது. அவர் படுத்த அறையையும் பார்க்கலாம். போன மாதம் ஒரு டெஸ்டுக்காகச் சென்னை போனபோது தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ராஜாஜி மண்டபத்தைப் பஸ்ஸிலிருந்தே காட்டினார். கிண்டியில் அன்றைக்கு அவரால் உள்ளே போக முடியவில்லையாம், கூட்டத்தில் எங்கோ பின்னால் நின்று புகையை மட்டும் பார்த்தாராம். இப்போது கூட்டமே இல்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனவர், ரொம்ப நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்.